நனையும் ஓவியமும் விழிக்கும் பூஞ்சையும்

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விடக் கூடாது என்பது நம் சமையலறைகளின் எழுதாத சட்டம். அதை மீறினால் சில நாளிலேயே மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. எலுமிச்சை ஊறுகாயில் ஏற்கெனவே சாறு ததும்புகிறது. சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். அவ்வளவு தண்ணீரோடு மாதக்கணக்கில் கெடாமல் இருந்த பண்டம், கரண்டியில் ஒட்டிவந்த நாலு சொட்டுக்கு ஏன் கெடுகிறது?

உப்புதான் காரணம். சாற்றில் கரைந்த உப்பு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிவைத்திருக்கிறது. தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. பூஞ்சையால்தான் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஈரக் கரண்டி பட்ட இடத்தில் மட்டும் உப்பு நீர்த்துப்போகிறது. கட்டு தளர்ந்த தண்ணீர் கிடைத்ததும், அதுவரை சும்மா கிடந்த பூஞ்சை வித்து முளைவிடுகிறது. ஒரு பொருளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் உண்டு என்பது பூஞ்சைக்குப் பொருட்டில்லை. அதில் எவ்வளவு தன் வாய்க்கு எட்டும் என்பதே அதன் கணக்கு. உணவியலாளர்கள் இதை ‘நீர்ச் செயல்திறன்’ என்பார்கள். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகப் ‘பயன்நீர்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தூய நீரின் பயன்நீர் அளவு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர 0.9-க்கு மேல் வேண்டும். சாதாரணப் பூஞ்சைகளுக்கு 0.8 போதும். வறட்சியைத் தாங்கும் சில அஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் 0.7-ஐ ஒட்டிய அளவிலேயே பிழைத்துக்கொள்ளும். பழைய ஓவியம் ஒன்றைச் சுத்தம் செய்ய நனைந்த பஞ்சை எடுக்கும் சீரமைப்பாளர் முன்னால் நிற்பதும் இதே கணக்குதான்.

ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் ஒன்றின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். அடியில் ஆளிநார்த் துணி. அதன்மேல் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அடுத்து, சுண்ணப்பொடியோ ஜிப்சமோ குழைத்த அடிப்பூச்சு. அதற்கு மேல் ஆளிவிதை எண்ணெயில் அரைத்த நிறமி. எல்லாவற்றுக்கும் மேலே மரப்பிசின் வார்னிஷ். துணி செல்லுலோஸ், பசை புரதம். இன்னும் பழைய பலகை ஓவியங்களில் எண்ணெய்க்குப் பதில் முட்டையின் மஞ்சள் கரு இருக்கும். மேற்பரப்பில் படிந்த தூசியிலோ மனிதத் தோல் செதில்கள், நூல் துகள்கள், புகைக்கரி. பூஞ்சைக்கு இது முழுச் சாப்பாடு.

விதைக்கும் பஞ்சமில்லை. பூஞ்சை வித்துகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ளவை. எந்த அறையின் காற்றிலும் அவை மிதக்கின்றன. எந்த ஓவியத்தின் மேலும் படிந்திருக்கின்றன. எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் முழுவதும் போகாது. உணவும் வித்தும் எப்போதும் தயாராக இருக்கும்போது, குறைவது ஒன்றே ஒன்று: ஈரம். அதனால்தான் ஓவியத்தைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுவது பெரும்பாலும் ஈரத்தை ஆளும் வேலையாக இருக்கிறது.

ஓவியத்தின் பயன்நீரை எப்படி அறிவது? அதைச் சுற்றியுள்ள காற்றே சொல்லிவிடும். ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது ‘ஒப்பு ஈரப்பதம்’. 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமுள்ள காற்றில் நெடுநாள் இருக்கும் துணி, அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்து 0.75 என்ற பயன்நீர் அளவை எட்டும். அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 விழுக்காட்டை ஒட்டி நிற்க விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். 65-ஐத் தாண்டாதவரை பூஞ்சைத் தொல்லை அரிது.

ஆனால் அறையின் நடுவே மாட்டிய மானி 60 காட்டும்போதே ஓவியத்தின் முதுகில் பூஞ்சை பூப்பதுண்டு. குளிர்ந்த சுவர்தான் இதைச் செய்கிறது. அறையில் 25 டிகிரி வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம் என்று கொள்வோம். ஓவியம் தொங்கும் வெளிச்சுவர் 18 டிகிரியில் இருக்கிறது. குளிர்ந்த காற்றால் குறைந்த நீராவியைத்தான் தாங்க முடியும். ஆகவே சுவரை ஒட்டிய காற்றில் அதே நீராவி 92 விழுக்காடாகிவிடும். ஓவியத்தின் பின்புறத்தில் வார்னிஷும் கிடையாது; பசை தோய்ந்த துணி திறந்து கிடக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சிறு தக்கைகளை வைத்துக் காற்றோட்டம் விடுவது இதனால்தான். செலவே இல்லாத அந்த இடைவெளி பல ஓவியங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பூஞ்சை பூத்தால் என்ன ஆகும்? வித்திலிருந்து கிளம்பும் நுண்ணிழைகள் நொதிகளைச் சுரந்து பசையையும் துணியையும் கரைத்து உறிஞ்சுகின்றன. பிடிப்பு போன வண்ணம் செதிலாக உதிர்கிறது. அமிலங்கள் நிறமிகளைத் தாக்குகின்றன. சில பூஞ்சைகள் உண்டாக்கும் மெலனின் போன்ற கருநிறப் பொருள்கள் வண்ண அடுக்குக்குள் ஊறிக் கறையாக நிலைத்துவிடுகின்றன. நிறமியே நஞ்சாக இருந்தாலும் காப்பாற்றாது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் ஆர்செனிக் கலந்த பச்சை நிறமி பெருவழக்கு. ஈரம் ஏறிய அந்தச் சுவர்களில் பூஞ்சை வளர்ந்தது. வளர்ந்ததோடு ஆர்செனிக்கை நச்சு வாயுவாக மாற்றி வெளிவிட்டது. 1890-களில் இத்தாலிய மருத்துவர் பார்த்தொலோமியோ கோசியோ இதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். அந்த வாயு டிரைமெத்தில் ஆர்சின் என்று 1930-களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் பிரெடரிக் சாலஞ்சர் கண்டறிந்தார்.

ஈரத்தை ஆள்வது எவ்வளவு கடினம் என்பதை உலகம் பார்த்தது 1966 நவம்பர் 4 அன்று. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை புரண்டது. சேறும், வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் கலந்த வெள்ளம் தேவாலயங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் புகுந்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் சீமாபூவே தீட்டிய 13-ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஓவியம் ஏறத்தாழ 60 விழுக்காடு வண்ணத்தை இழந்தது. அதே வளாகத்தில் ஜார்ஜோ வசாரி 1546-இல் தீட்டிய ‘கடைசி இராவுணவு’ பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

நனைந்த பொருளை 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சையைத் தவிர்க்கலாம் என்பது நூலகங்களும் காப்பகங்களும் பின்பற்றும் பொது விதி. பலகை ஓவியங்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. நனைந்த மரப்பலகை உப்பியிருக்கும். அவசரமாக உலர்த்தினால் சுருங்கும். அதன்மேல் உள்ள வண்ண அடுக்கால் அந்தச் சுருக்கத்தோடு ஒத்துப்போக முடியாது; கூரை ஓடுகள் போல மடிந்து எழும்பி உதிர்ந்துவிடும். மெதுவாக உலர்த்தினாலோ, அந்த மாதங்கள் முழுவதும் பூஞ்சைக்கு விருந்து. வேகமாகப் போனால் ஓவியம் உடையும். மெல்லப் போனால் ஓவியம் பூக்கும்.

ஃபுளோரன்ஸின் சீரமைப்பாளர்கள் மெல்லப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். போபோலி தோட்டத்தில், எலுமிச்சை மரத் தொட்டிகளைக் குளிர்காலத்தில் வைக்க 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீண்ட கூடம் ஒன்று உண்டு, பெயர் லிமோனாயா. அதைப் பலகை ஓவியங்களுக்கான மருத்துவமனையாக மாற்றினார்கள். உதிரும் வண்ணத்தின் மேல் மெல்லிய ஜப்பானியத் தாளைப் பிசினால் ஒட்டிப் பிடித்துவைத்தார்கள். கூடத்தின் ஈரப்பதத்தை முதலில் 90 விழுக்காட்டுக்கு மேல் வைத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக இறக்கினார்கள். அந்தக் காலம் முழுவதும் பூஞ்சையைத் தடுத்து நிறுத்த ஒரு மருந்து தேவைப்பட்டது. நிறமியைத் தொடாத, வார்னிஷைக் கரைக்காத, பக்கத்தில் வேலை செய்பவர்களைக் கொல்லாத மருந்து.

அவர்கள் தெளித்தது நிஸ்டாட்டின். மனிதர்களின் வாயிலும் தோலிலும் வரும் சில பூஞ்சைத் தொற்றுகளுக்கு மருத்துவர்கள் தரும் அதே மருந்துதான். அமெரிக்க விஞ்ஞானிகள் எலிசபெத் லீ ஹேசனும் ரேச்சல் ஃபுல்லர் பிரவுனும் வர்ஜீனியா மாநிலப் பண்ணை ஒன்றின் மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து, 1950-இல் உலகுக்கு அறிவித்தது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. நிஸ்டாட்டின் அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளைகளை உண்டாக்குகிறது. செல்லின் உள்ளடக்கம் கசிந்து பூஞ்சை சாகிறது. மனித செல்களில் இருப்பது கொலஸ்டிரால். அதை இம்மருந்து அவ்வளவாகப் பற்றுவதில்லை. அப்படியும் நிஸ்டாட்டின் வென்று முடித்தது என்று சொல்ல முடியாது. ஈரப்பதம் பாதுகாப்பான அளவுக்கு இறங்கும்வரை அது நேரம் வாங்கிக் கொடுத்தது. சீமாபூவேயின் சிலுவை 1976-இல் சாந்தா குரோச்சேவுக்குத் திரும்பியது. வசாரியின் ஐந்து பலகைகள் ஒன்றுசேர்ந்து மீண்டும் பார்வைக்கு வந்தது 2016-இல், வெள்ளம் வந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.

வெள்ளம் வராத ஊரில் தண்ணீர் சீரமைப்பாளர் கையாலேயே ஓவியத்துக்குள் வருகிறது. வார்னிஷ் மேல் படிந்த அழுக்கை எடுக்கத் தண்ணீர் சார்ந்த கரைசல்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. சிட்ரேட் உப்பு கலந்த நீர் அழுக்கிலுள்ள உலோக அயனிகளைப் பிடித்து இழுத்துவரும். எச்சில் நனைத்த பஞ்சும் உலகெங்கும் பயன்படும் கருவிதான். எச்சிலில் உள்ள அமைலேஸ் போன்ற நொதிகள் அழுக்கைப் பிரிக்கின்றன. 1980-களிலிருந்து அமெரிக்கச் சீரமைப்பாளர் ரிச்சர்ட் வோல்பர்ஸ் வளர்த்தெடுத்த கூழ்ம முறைகள் இன்னொரு வழியைத் திறந்தன. கரைசலைக் கூழாக்கி மேற்பரப்பில் வைத்தால், அது அடியில் ஊறாமல் வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும்.

நன்மையோடு இதில் ஓர் ஆபத்தும் வருகிறது. கூழை எடுத்த பிறகு வெடிப்புகளில் தங்கும் எச்சம் என்ன ஆகும்? எச்சிலின் புரதமும், மாவுப்பசையின் சர்க்கரைகளும், சாந்தன் போன்ற கூழ்மப் பொருள்களும் நுண்ணுயிர்களுக்கு உணவாகக்கூடியவை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழ் இன்று ஓவியச் சீரமைப்பில் பரவலாகப் பயன்படுகிறது. ஆய்வகங்களில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றுவதும் அதே அகார்தான். பெரும்பாலான நுண்ணுயிர்களால் அகாரைச் செரிக்க முடியாது. தட்டில் அது ஈரத்தையும் உணவையும் ஏந்தி நிற்கும் மேடை மட்டுமே. ஓவியத்தின் மேலும் அதே வேலையைச் செய்துவிடலாம்: ஈரத்தை அது தரும், உணவை அழுக்கு தரும்.

அதனால் கவனமுள்ள பட்டறைகளில் சில பழக்கங்கள் கண்டிப்பானவை. பஞ்சு சொட்டக் கூடாது. பிழிந்து, ஈரம் தட்டும் அளவுக்கே இருக்க வேண்டும். ஓவியத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒன்றைத் துடைத்து, எச்சம் போகத் துவட்டி, அது காய்ந்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். நொதிக் கரைசல்களையும் கூழ்களையும் அன்றன்று தயாரிக்க வேண்டும். பழைய குப்பியில் பூஞ்சை வளர்ந்திருந்தால் அதை நாமே ஓவியத்தில் பூசுகிறோம் என்று பொருள். ஈரம் முழுதாகப் போகாத ஓவியத்தை பிளாஸ்டிக் தாளால் மூடுவதோ, மற்றொன்றின் மேல் சாய்த்து வைப்பதோ கூடவே கூடாது.

நலிந்த துணியின் பின்னால் புதுத் துணியை ஒட்டி வலுவூட்டும் வேலையில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மாவும் விலங்குப் பசையும் கலந்த ஈரப்பசைதான் பல நூற்றாண்டுகளாக அதற்குப் பயன்பட்டது. ஈரக்காற்று மிகுந்த நெதர்லாந்தில் அந்தப் பசை தாக்குப்பிடிக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தேன்மெழுகும் பிசினும் உருக்கி ஒட்டும் முறை பிறந்தது. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு 1851-இல் நிக்கோலாஸ் ஹாப்மன் அப்படித்தான் புதுத் துணி ஒட்டினார். மெழுகு ஈரத்தைத் தடுத்தது. அதோடு ஓவியத்துக்குள் ஊறிச் சில வண்ணங்களைக் கருமையாக்கவும் செய்யும் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்று அம்முறை அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது.

ஏற்கெனவே பூஞ்சை பூத்த ஓவியம் பட்டறைக்கு வந்தால், முதல் வேலை துடைப்பதாக இருக்கக் கூடாது. ஈரமான பூஞ்சையைத் துணியால் தேய்த்தால் இழைகள் நசுங்கி வண்ணத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கும். நிறமும் அதனோடு இறங்கும். ஆகவே ஓவியத்தை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைத்து, ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரம் போனால் பூஞ்சை உறங்கிவிடும், காய்ந்து பொடியாகும். பிறகு மென்தூரிகையால் அதைத் தட்டி, ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சுகருவியின் வாய்க்குள் தள்ளுவார்கள். வடிகட்டி இல்லாத கருவி வித்துகளை அறை முழுக்கத் தூவிவிடும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் இதில் உண்டு.

எஞ்சியதைக் கொல்ல 70 விழுக்காடு எத்தனால் பயன்படும். 100 விழுக்காடு ஏன் கூடாது? தூய எத்தனால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களைச் சட்டென்று இறுகவைத்து, தானே உள்ளே நுழையும் வழியை அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால்தான் உள்ளே ஊடுருவிப் புரதங்களைக் குலைக்கும். துணியின் பின்புறத்தில் இதை ஓரளவு துணிந்து பயன்படுத்தலாம். முன்புறத்தில் எத்தனால் மரப்பிசின் வார்னிஷைக் கரைத்துவிடும். ஒரு மூலையில் சோதிக்காமல் யாரும் தொடமாட்டார்கள்.

இன்னும் வலிமையான நஞ்சுகளால் ஒரேயடியாக ஒழித்துவிடலாமே என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் பலருக்கும் இருந்தது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமாலை ஆவியாக்கிப் புகையூட்டினார்கள். அது வார்னிஷையும் மைகளையும் இளக்கியது. எத்திலீன் ஆக்சைடு வாயு எல்லாவற்றையும் கொன்றது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பிறகு தெரிந்தது. எதுவாக இருந்தாலும், மருந்தின் வேகம் அடங்கியபின் ஈரம் அப்படியே இருந்தால் காற்றிலிருந்து புது வித்துகள் வந்து இறங்கிவிடும்.

இதை உணரப் பிரான்ஸ் கொடுத்த விலை பெரிது. சுமார் 17,000 ஆண்டுகள் பழைய லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. கூட்டத்தின் மூச்சும் விளக்கொளியும் பச்சைப் பாசியை வளர்க்க, 1963-இல் குகை மூடப்பட்டது, ஃபார்மலின் தெளிக்கப்பட்டது. 2001-இல் புதிய காற்றுச் சீரமைப்புக் கருவியைப் பொருத்திய காலத்தில் ஃபியூசேரியம் சொலானி என்ற வெண்பூஞ்சை தரையிலும் சுவர்களிலும் பரவியது. பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிக்கொல்லியைத் தெளித்தார்கள். தரையில் சுட்ட சுண்ணாம்பைப் பரப்பினார்கள். வெண்பூஞ்சை அடங்கியது. சில ஆண்டுகளில் கரும்புள்ளிகள் தோன்றின. அவற்றில் அறிவியலுக்கே புதிதான ஒரு பூஞ்சை இனம் இருந்தது. 2012-இல் அதற்கு ஓக்ரோகோனிஸ் லாஸ்காக்சென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஆய்வுகள் காட்டியது இது: கொல்லியைத் தாங்கும், அதைச் சிதைக்கவும் வல்ல நுண்ணுயிர்கள் குகையில் மேலோங்கியிருந்தன. செத்த பூஞ்சை உயிரோடிருப்பவற்றுக்கு இரையானது. பூஞ்சையைத் தின்னும் நுண்பூச்சிகள் வித்துகளைச் சுவரெங்கும் சுமந்து சென்றன.

ஈரத்தைக் குறைக்கவே முடியாத இடம் என்றால்? ஜப்பானின் நாரா மாநிலத்தில் அசுகா கிராமத்துத் தகமட்சுசுகா கல்லறையில் அதுதான் நிலை. 1,300 ஆண்டுகள் பழைய அதன் ஓவியங்கள் 1972-இல் வெளிப்பட்டன. கற்சுவர்மேல் பூசிய மெல்லிய சுண்ணச் சாந்தில் தீட்டியவை அவை. உலர்ந்தால் சாந்து உதிரும், ஈரமாகவே வைத்தால் பூஞ்சை வரும். பல ஆண்டுகள் புகையூட்டியும் எத்தனால் பூசியும் போராடிப் பார்த்து, கடைசியில் 2007-இல் கல்லறையின் 16 கற்களையும் பெயர்த்தெடுத்து, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். சீரமைப்பு முடிந்தது 2020-இல்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கண்ணில் படும் கறை உயிரோடு இருக்கிறதா? கண்ணால் சொல்ல முடியாது. ஒட்டுநாடாவில் மெல்ல ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகளும் வித்துகளும் தெரியும். வளர்தட்டில் இட்டால் சில இனங்கள் முளைக்கும். முளைக்காதவை செத்தவை என்று அர்த்தமில்லை. டிஎன்ஏ ஆய்வு எந்த இனம் என்று சொல்லும். உயிருள்ள செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இருக்கிறதா என்பதை, மின்மினிப் பூச்சியின் நொதியைச் சேர்த்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தும் சோதிக்கலாம். ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

எகிப்து அரசர் துத்தன்காமுன் கல்லறையின் சுவர் ஓவியங்களில் பழுப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளின் மூச்சு ஈரத்தால் அவை பெருகுகின்றனவோ என்ற அச்சம் நீண்ட நாள் இருந்தது. 2009-இல் எகிப்து அரசின் தொல்லியல் துறையோடு சேர்ந்து பணியைத் தொடங்கிய அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம், 1920-களில் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களை இன்றைய சுவரோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டது. புதிய புள்ளி எதுவும் இல்லை. பழையவை வளரவும் இல்லை. டிஎன்ஏ, வேதி ஆய்வுகளும் அவை நுண்ணுயிர்கள் விட்ட தடமே, இப்போது உயிரில்லை என்று உறுதி செய்தன. இளம் வயதில் இறந்த அரசருக்காக அவசரமாக முடித்த கல்லறை, வண்ணமும் சாந்தும் காயும் முன்பே மூடப்பட்டிருக்கலாம். அந்த ஈரம் தீரும்வரை வளர்ந்து, தீர்ந்ததும் பூஞ்சை செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

புள்ளிகள் வண்ணத்துக்குள்ளேயே ஊறியிருப்பதால், அவற்றை எடுக்க முயன்றால் ஓவியமும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே அவற்றை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்கள். அந்த உழைப்பு வேறு பக்கம் திரும்பியது: சுவரில் படிந்த தூசியை எடுத்தார்கள், உதிரும் வண்ணத்தை நிலைநிறுத்தினார்கள், வடிகட்டிய காற்றைச் செலுத்தும் கருவியைப் பொருத்தினார்கள். வருவோர் கொண்டுவரும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் தூசியையும் அது குறைக்கிறது. 2019 தொடக்கத்தில் பணி நிறைவடைந்தது. சுவர்கள் முழுவதும் நுணுக்கமாகப் படமெடுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் யாருக்கேனும் புள்ளிகள்மேல் ஐயம் வந்தால், பர்ட்டனின் படங்களோடு இவற்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.